ஆற்றைக் கொண்டுபோனது யார்

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர்தான் வரவில்லை. செடியக்கா சுவிட்சை அணைத்துவிட்டுக் கரையில் இறங்கிப் பார்த்தாள். குழாயின் நுனியில் தண்ணீரை உறிஞ்சுகிற ஃபுட் வால்வு தண்ணீருக்கு மேலே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. போன வாரம்தான் குழாயோடு இன்னொரு துண்டு ஒட்டி அதை நடு ஆறு வரைக்கும் நீட்டி வைத்திருந்தாள். அதற்குள் ஆறு அதைத் தாண்டி அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டது.

ஆற்றங்கரையில் நாற்றுப் பண்ணை வைத்திருந்ததால் தெருவுக்கு அவள் செடியக்கா. ரோஜா, குரோட்டன்ஸ், எலுமிச்சை, பெரணி என்று பைகளிலும் தொட்டிகளிலும் வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் ஆற்றுத் தண்ணீர்தான். எந்தக் கோடையிலும் வற்றாத ஆறு என்று ஊருக்கே அதில் ஒரு பெருமை இருந்தது. நாற்றம் மட்டும்தான் குறை. ஆற்றின் மேல்பக்கம், வளைவுக்கு அப்பால் நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. தெருவில் அதற்கு நாத்தத் தொட்டி என்று பெயர். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும்.

அந்தத் தொட்டியை மூடவைக்கத் தெருக்காரர்கள் சங்கம் வைத்து வருஷக்கணக்கில் அலைந்தார்கள். சங்கத்துக்குத் தலைவர் பல் டாக்டர். கடைசியில், போன மழைக்காலம் முடிந்த கையோடு, தொட்டியை மூடிவிட்டார்கள். ஊர்க் கழிவெல்லாம் பெரிய குழாய் வழியாக எங்கேயோ தூரத்தில் கட்டிய புது நிலையத்துக்குப் போக ஆரம்பித்தது. முதல் இரண்டு மாதம் ஆறு கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்தது. அடியில் கூழாங்கல் தெரிந்தது, மீன் தெரிந்தது. டாக்டர் கால்சட்டையை மடித்துவிட்டு ஆற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஆறு இளைக்க ஆரம்பித்தது.

"யாரோ மேல இருந்து உறிஞ்சறாங்க," என்றாள் செடியக்கா, வீட்டுக்கு வந்ததும்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பேசுவதைவிடக் கேட்பதில் பழக்கப்பட்டவர். "வெயில் காலம்," என்றார்.

"எத்தன வெயில் பாத்த ஆறு இது. ஒரு தடவையாவது முழங்காலுக்குக் கீழ போயிருக்கா?"

"உனக்குச் சந்தேகம் சாப்பாடு மாதிரி. வேளாவேளைக்கு வேணும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. பால் தண்ணியாக இருந்தால் பால்காரன், பூந்தொட்டி உடைந்தால் பூனை, பூனை வராத நாளில் பக்கத்து வீடு என்று அவளுக்கு யாராவது ஒருவர் மேல் கண் இருந்துகொண்டே இருக்கும். இந்தத் தடவையும் வரிசையாக ஆட்களை எடுத்து அலசினாள். கார் கழுவுகிற கடைக்காரன் குழாய்த் தண்ணீர்தான் பிடிக்கிறான், போய்ப் பார்த்துவிட்டாள். செங்கல் சூளை மூடிக் கிடந்தது. அக்கரையில் கீரை போடுகிறவரும் அவளைப் போலவே குழாயை நீட்டிக்கொண்டு திண்டாடினார். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். அந்த ஒருவரை நினைக்க அவளுக்கே கசந்தது.

அவளுடைய தங்கை வீட்டுக்காரர் தண்ணீர் லாரி வைத்திருந்தார். தெருவில் பாதி வீட்டுக்குக் குடிதண்ணீர் அவர் லாரியில்தான் வரும். நீலப் பெயிண்ட் அடித்த, பளபளவென்ற டேங்கர். ஆனால் கொஞ்ச நாளாக அவரிடம் இன்னொரு டேங்கர் இருந்தது. பழையது, பெயிண்ட் போனது. அதை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதில்லை. தெரு வழியாகவும் ஓட்டுவதில்லை. ஆற்றங்கரை மண்பாதையில் மேல்பக்கம் போகிற சக்கரத் தடம் ஒன்றைச் செடியக்கா பார்த்து வைத்திருந்தாள். அகலமான தடம். போகும்போது லேசாகவும் வரும்போது ஆழமாகவும் பதிந்திருந்தது.

காலி லாரி போகுது, நிறைஞ்ச லாரி வருது என்று அவள் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை எங்க?"

"லோடுக்கு."

"என்ன லோடு?"

தங்கை மடித்துக்கொண்டிருந்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "தூர லோடுன்னு சொல்றார். வெளுக்கறதுக்குள்ள போயிடறார். வந்ததும் வீட்டுக்குள்ள வர்றதில்லக்கா. பின்னாடி குழாயடியில குளிச்சுட்டுத்தான் நடை ஏறறார். ஒரு சோப்பு மூணு நாளைக்கு வரமாட்டேங்குது."

"கேட்டியா?"

"கேட்டா, தூசிங்கறார்." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "புதுசா சென்ட் வேற வாங்கியிருக்கார்க்கா. இந்த வயசுல எதுக்கு சென்ட்டு? எனக்கு வேற மாதிரி தோணுது."

செடியக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவர் மூஞ்சிக்கா? போடி. அதெல்லாம் இருக்காது."

"அப்போ என்னதான் இருக்கும்?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. தங்கையிடம் சொன்னால் இரவுக்குள் மாப்பிள்ளை காதுக்குப் போய்விடும். கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆயிற்று என்று விழுங்கிக்கொண்டாள்.

அன்று பிற்பகல் கரையோரமாக மேலே நடந்தாள். வளைவில் திரும்பியதும் நிலையத்தின் சுற்றுச்சுவர் தெரிந்தது. கேட்டில் நகராட்சியின் பெரிய பூட்டு. புதர் மறைவில் காத்திருந்தாள். பழைய டேங்கர் குலுங்கிக்கொண்டு வந்தது. ஓட்டிவந்தது மாப்பிள்ளைதான். மூக்கும் வாயும் மறையத் துணி கட்டியிருந்தார். முகத்தை மறைக்கத்தான் என்று அவள் முடிவு கட்டினாள். காவலாளி பூட்டைத் திறந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, பழகிய ஆட்கள் மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. செடியக்காவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். எதையோ அடியிலிருந்து இழுக்கிற சத்தம்.

நேராக டாக்டரிடம் போனாள். அவர் ஒரு நோயாளியின் வாயில் கருவியை வைத்துக்கொண்டிருந்தவர், கையை எடுக்காமலே முழுவதையும் கேட்டார். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவரும் கேட்டார். அதனால் விஷயம் அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மண்பாதை பெரிய சாலையில் சேருகிற இடத்தில் லாரியை மறித்தார்கள். டாக்டர், கீரைக்காரர், தெருவில் இன்னும் பலர். செடியக்கா முன்னால் நின்றாள். அந்த முனையிலிருந்து பார்த்தால் தங்கை வீட்டு வாசல் தெரியும். சத்தம் கேட்டுத் தங்கையும் கதவருகே வந்து நின்றாள்.

மாப்பிள்ளை இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டார். "என்னக்கா, என்ன கூட்டம்?"

"டேங்கர்ல என்ன?"

"லோடு."

"என்ன லோடுன்னுதான் கேக்கறேன். எங்க செடி கருகுது, ஆறு வத்துது, உங்க டேங்கர் மட்டும் நிறைஞ்சு வருது."

அவர் முகம் வெளிறியது. கீழே இறங்கி அவள் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். "அக்கா, உங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன். இப்ப வழிய விடுங்க."

"இங்கயே சொல்லுங்க."

"இங்க வேணாம்."

"திருட்டுத் தண்ணி இல்லன்னா ஏன் பயம்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"வால்வைத் தொடாதீங்க," என்றார் மாப்பிள்ளை. அந்தக் குரலில் இருந்தது கெஞ்சல் என்று செடியக்காவுக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அப்போது அது மிரட்டலாகக் கேட்டது. கீரைக்காரர் பின்பக்கம் போய் வால்வைத் திருகிவிட்டார்.

தண்ணீர் வரவில்லை. கறுப்பாக, கூழாக, குமிழி விட்டுக்கொண்டு ஏதோ கொட்டியது. சாலையில் பரவி டாக்டரின் செருப்பை நனைத்தது. நாற்றம் அதற்கு அப்புறம்தான் எழுந்தது. மாதக்கணக்கில் மறந்திருந்த அந்தப் பழைய நாற்றம், பத்து மடங்காக. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. மாப்பிள்ளை ஓடிப்போய் வெறுங்கையால் வால்வை அடைத்தார்.

"தொட்டி அடியில தேங்கின கசடு," என்றார், யாரையும் பார்க்காமல். "மூடினாப்புறம் சுத்தம் பண்ண யாரும் வரல. நகராட்சியில ஆள் தேடினாங்க. நான் எடுத்துக்கிட்டேன். இதுக்குன்னே பழைய டேங்கர் வாங்கினேன். குடிதண்ணி லாரி வேற, இது வேற. ரெண்டும் பக்கத்துல கூட நின்னதில்ல."

பிறகு ஓர் அம்மாள் கேட்டார், "எங்க வீட்டுக் குடத்துல ஊத்தினது எந்த டேங்கர்லேந்து?"

அவர் மறுபடி அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரிக் கேட்டது. செடியக்கா தங்கை வீட்டுப் பக்கம் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது.

அந்த வாரத்திலேயே நீல டேங்கரைக் கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் அது வந்தால் உள்ளே போய்விடுவார்கள். குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் அந்தத் தண்ணீர்தான் காரணம், தலைமுடி கொட்டினால் அதுவும் அந்தத் தண்ணீர்தான். தங்கை யாரிடமும் சண்டை போடவில்லை. புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள், தன்னிடம் மறைத்ததற்கு. அக்காவிடமும் நிறுத்தினாள், தெருவில் வைத்துக் கேட்டதற்கு. செடியக்கா இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

ஆறு அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் சந்தேகம் முழுசாக விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு லாரியில் கசடு என்றால் மற்றதில் தண்ணீர் எடுத்திருக்கக் கூடாதா? சுவருக்குப் பின்னால் வேறு பம்ப் இருக்கக் கூடாதா? மாப்பிள்ளை திருடியிருந்தால் தேவலை என்று ஒரு மூலையில் தோன்றிக்கொண்டே இருந்தது. அப்படி என்றால்தான் அவள் செய்தது சரியாகும்.

ஒரு நாள் காலை, கணவர் வேனை எடுத்துக்கொண்டு போனதும், மறுபடி மேலே நடந்தாள். கேட் திறந்திருந்தது. காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழவில்லை. "வாங்க. நல்லாப் பாருங்க. ஒளிச்சு வைக்க இங்க ஒண்ணுமில்ல," என்றார். அன்று நடந்தது அவருக்கும் தெரிந்திருந்தது.

அவள் பார்த்தாள். வட்டத் தொட்டிகள் பெரிய கிணறுகளைப் போல வாயைத் திறந்து கிடந்தன. ஒன்றின் குறுக்கே சுற்றுகிற இரும்புக் கை துருப்பிடித்து நின்றது, அதன் மேல் நீர்க்காக்கைகள் எதற்கோ காத்திருப்பவை போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிமெண்டுத் தொட்டியின் வெடிப்பில் தக்காளிச் செடி முளைத்துக் காய்த்திருந்தது. மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஆற்றிலிருந்து உள்ளே வருகிற குழாய் ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து ஆற்றுக்குப் போகிற வாய்க்கால் ஒன்று மட்டும் இருந்தது. ஆள் படுத்து உருளலாம் போல அகலம். சுவரில் பாசி தோள் உயரம் வரை ஏறிக் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. அவ்வளவு தண்ணீர் ஒரு காலத்தில் அதில் ஓடியிருக்கிறது.

வாய்க்கால் ஆற்றில் சேருகிற இடத்துக்கு வந்தாள். அங்கே நின்று மேல்பக்கம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நிலையத்தைத் தாண்டி அந்தப் பக்கம் அவள் வந்ததில்லை, யாரும் வந்ததில்லை. நாற்றத்தைத் தாண்டி யார் போவார்கள்?

மேலே ஆறு இல்லை. புல் முளைத்த பள்ளம் ஒன்று வளைந்து போயிற்று. அதில் இறங்கி நடந்தாள். காலுக்கடியில் உலர்ந்த மண். பள்ளத்தின் நட்டநடுவில் ஓர் அத்தி மரம் நின்றது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், விரல்கள் தொடவில்லை. செடி வளர்க்கிறவளுக்கு அது போதும். ஓடுகிற ஆற்றின் நடுவில் இப்படி ஒரு மரம் இந்தப் பருமனுக்கு வராது. அந்த மரம் விதையாக விழுந்தபோதே இங்கே ஆறு செத்துப்போயிருந்தது. மழைக்கு ஓடும், மழை நின்றால் நிற்கும், அவ்வளவுதான். தொட்டியை மூடிய பிறகு இரண்டு மாதம் ஓடியதும் மிச்ச மழைத் தண்ணீர்தான்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கோடையிலும் வற்றாத ஆறு. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், கக்கூஸில் ஊற்றிய தண்ணீர், எல்லாம் இந்தத் தொட்டிக்குள் போய்ச் சுத்தமாகி ஆறாக வெளியே வந்திருக்கிறது. அதைத்தான் அவள் இத்தனை காலம் ரோஜாவுக்கு ஊற்றியிருக்கிறாள். அதைத்தான் மீன் குடித்தது. தொட்டியை மூடச் சொன்ன மனுவில் போட்ட கையெழுத்துகளில் அவளுடையதும் ஒன்று.

திரும்பி வரும்போது காவலாளியிடம் கேட்டாள். "மேல எப்பவுமே இப்படித்தானா?"

"நான் வேலைக்குச் சேந்ததுலேந்து இப்படித்தான்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

டாக்டரின் அறையில் அன்று வேறு நோயாளி இல்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கைகளைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார்.

"தெரிஞ்சுதான் மூடினோம்னு மட்டும் நினைக்காதீங்க," என்றார். "அங்க இருந்த இன்ஜினியர் ஒருத்தர் சொன்னார், மூடினா ஆத்துல தண்ணி குறையும்னு. மூட மனசில்லாம சாக்கு சொல்றார்னு நினைச்சேன். அவரை நான் நம்பல."

"இப்ப தெருவுல சொல்லிடலாமா?"

"சொல்லி? நாத்தத்தைத் திரும்பக் கொண்டு வாங்கன்னு கேக்கப் போறோமா?"

அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்துபோயிற்று. அவளே சொன்னாள். கீரைக்காரரிடம், குடத்தோடு நிற்பவர்களிடம், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும். வந்து மரத்தைப் பாருங்கள் என்றாள். ஒருவரும் வரவில்லை. தங்கையின் புருஷனைக் காப்பாற்ற இவள் கதை கட்டுகிறாள் என்றார்கள். இரண்டு நாளில் இன்னொன்றும் கிளம்பியது. எல்லார் செடியும் கருகும்போது இவள் பண்ணை மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது? ராத்திரியில் மாப்பிள்ளை லாரி வருகிறதோ என்னவோ. உண்மையில் அவளும் கணவரும் வீட்டுக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து, பாதிச் செடியைத்தான் பிழைக்கவைத்திருந்தார்கள்.

"பக்கத்து வீட்டம்மா வேலி மேல எட்டிப் பாக்கறா," என்றாள் கணவரிடம்.

"அந்த இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றார் அவர், வாளியை இறக்கிவைத்துவிட்டு.

அவள் அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு செடிப் பக்கம் போனாள்.

மாப்பிள்ளையைப் போய்ப் பார்க்க அவளுக்கு இன்னும் சில நாள் பிடித்தது. ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் பழைய டேங்கரைக் கழுவிக்கொண்டிருந்தார். நீல டேங்கர் அங்கே இல்லை. விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவள் நிற்பதைப் பார்த்தும் அவர் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை. தண்ணியை யாரும் எடுக்கல. நான் போய்ப் பாத்துட்டேன்."

"மேல ஆறு இல்லங்கறது எனக்கு முன்னாடியே தெரியும்க்கா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எங்க விட்டீங்க?"

இன்னொரு பிரஷ் கிடந்தது. எடுத்து அந்தப் பக்கத்தைத் தேய்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அவ உங்ககிட்டயாவது பேசறாளா?" என்று கேட்டார்.

"இல்ல. உங்ககிட்ட?"

"சாப்பாடு வைக்கறா. தட்டுதான் பேசுது."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நீடிக்கவில்லை. அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "கசடைக் கொண்டுபோய்க் கொட்டறது புது நிலையத்துலதான். அங்கேந்து இப்ப ஒரு வாய்க்கால் போகுது. நல்ல தண்ணி, வாடையே இல்ல. நம்ம ஊர்த் தண்ணிதான். கரையில எடம் வாடகைக்கு இருக்கு. உங்க செடிக்கு ஆகும்."

செடியக்கா அவரை உற்றுப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை. "இதுல உங்களுக்கு என்ன ஆதாயம்?"

"இருக்குக்கா. செடி ஏத்திட்டுப் போற வாடகை எனக்கு வரும்ல. வேற யார் என்னைக் கூப்பிடறாங்க?"

நேராகச் சொன்ன பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். வாய்க்காலில் கையை விட்டு முகர்ந்தாள், மறுபடி முகர்ந்தாள். கரையில் கொக்குகள் இறங்கியிருந்தன. நிலத்துக்காரரைப் பற்றி அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்த பிறகே சரி என்றாள்.

செடி ஏற்றுகிற நாளில் மாப்பிள்ளை திறந்த லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்து வந்தார். கணவர் வேனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து கைகொடுத்தார். பிழைத்த ரோஜாக்களை அடுக்கி முடிக்கும்போது தங்கை வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஒன்றும் பேசாமல் தொட்டிகளுக்கு நடுவில் பழைய துணியைச் செருகினாள். லாரி கிளம்பும்போது ஏறி உட்கார்ந்துகொண்டாள், இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் அக்கா. இரண்டு பேரையும் பார்க்காமல் நேரே சாலையைப் பார்த்தாள்.

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் தொட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"மெதுவா ஓட்டச் சொல்லுக்கா," என்றாள் தங்கை. "செடி சாயுது."

செடியக்கா மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர் வேகத்தைக் குறைத்தார்.